எம்.பி.ஏ. மூன்றாம் செமஸ்டர்: ராமநாதபுரம் கரையில் படிப்பவர்கள் எலெக்டிவ் எடுக்கும் முன்

எம்.பி.ஏ. இரண்டாம் செமஸ்டர் முடியும் தறுவாயில் துறையிலிருந்து ஒரு படிவம் வரும். மூன்றாம் செமஸ்டருக்கு எந்தெந்த எலெக்டிவ் (விருப்பப் பாடம்) வேண்டும் என்று குறித்துக் கொடுக்கச் சொல்வார்கள். பக்கத்தில் இருப்பவர் எதில் டிக் அடித்தாரோ அதிலேயே அடித்துக் கொடுப்பவர்கள் நிறையப் பேர். ராமநாதபுரம், கீழக்கரை, மண்டபம், தொண்டிப் பக்கம் எம்.பி.ஏ. படிக்கும் தம்பி தங்கைகளுக்கு நான் சொல்ல வருவது இதுதான்: பாடத்தின் பெயரைப் பார்த்து எடுக்காதீர்கள். அந்தப் பாடம் உங்களை எந்தக் கணக்கைப் போட வைக்கும், எந்தத் தாளைத் தயாரிக்க வைக்கும் என்று பாருங்கள். அந்தக் கணக்கைப் போட்டுப் பழக நம் கரையிலேயே ஒரு தொழில் இருக்கிறதா என்றும் பாருங்கள். பெரும்பாலும் இருக்கிறது.

முதலில் அமைப்பு. நம் மாவட்டத்தில் பொறியியல் கல்லூரிகளில் நடக்கும் எம்.பி.ஏ. அண்ணா பல்கலைக்கழகத்தின் கீழ் வருகிறது. கலை அறிவியல் கல்லூரிகள் காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவை. இரண்டுக்கும் பாடத்திட்டம் வேறு, எலெக்டிவ் எண்ணிக்கையும் வேறு. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ஒழுங்குமுறைப்படி மூன்றாம் செமஸ்டரில் ஆறு எலெக்டிவ். ஒவ்வொன்றும் 3 கிரெடிட், 45 வகுப்பு. நிதி, மார்க்கெட்டிங், மனிதவளம், ஆபரேஷன்ஸ், அனலிட்டிக்ஸ் ஆகியவற்றில் ஏதாவது இரண்டிலிருந்து மும்மூன்று எடுக்கலாம். அல்லது லாஜிஸ்டிக்ஸ், சுற்றுலா போல ஒரே தொழில்துறையிலிருந்து ஆறையும் எடுக்கலாம். ஒழுங்குமுறை சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாறும். நீங்கள் சேர்ந்த ஆண்டில் எது நடப்பில் இருந்ததோ அதுதான் உங்களுக்குச் செல்லும். சீனியர் கொடுத்த பட்டியலை நம்பி முடிவெடுக்காமல், பல்கலைக்கழக இணையதளத்திலிருந்து உங்களுக்குரிய ஒழுங்குமுறையையும் பாடத்திட்டத்தையும் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

பல்கலைக்கழகப் பட்டியலில் இருப்பதெல்லாம் உங்கள் கல்லூரியில் நடக்காது. அந்தப் பாடத்துக்கு ஆசிரியர் இருக்க வேண்டும், குறைந்தபட்ச எண்ணிக்கையில் மாணவர்கள் சேர வேண்டும். சிறிய கல்லூரிகளில் நல்ல எலெக்டிவ்கள் இந்த இடத்தில்தான் அடிபட்டுப் போகின்றன. மூன்று பேர் ஏற்றுமதி மேலாண்மை கேட்பார்கள், முப்பது பேர் டிஜிட்டல் மார்க்கெட்டிங் கேட்பார்கள். துறை எதை நடத்தும் என்று சொல்ல வேண்டியதில்லை. எனவே படிவம் வருவதற்கு ஒரு மாதம் முன்பே துறைத் தலைவரிடம் போய், ஒரு பாடம் நடக்க எத்தனை பேர் வேண்டும் என்று கேளுங்கள். அத்தனை பேரைத் திரட்டி, கையெழுத்துப் போட்டுக் கடிதமாகக் கொடுங்கள். படிவம் மூடிய பிறகு போய்க் கேட்டால், கால அட்டவணை போட்டாயிற்று என்ற பதில்தான் வரும்.

பாடத்திட்டத்தைப் படிப்பதற்கும் ஒரு முறை உண்டு. ஐந்து யூனிட்டையும் படித்து, ஒவ்வொன்றின் எதிரிலும் ‘இதை முடித்தால் எனக்கு எதைச் செய்யத் தெரியும்’ என்று ஒரு வரி எழுதிப் பாருங்கள். மூன்று யூனிட்டுக்கு எதிரே எழுத ஒன்றும் இல்லை, வரையறையும் வகைகளும் முக்கியத்துவமும் மட்டுமே இருக்கிறது என்றால், அதை ஒரு வாரத்தில் நீங்களே வாசித்துக்கொள்ளலாம். பிறகு முந்தைய மூன்று தேர்வுகளின் வினாத்தாளை எடுத்து, எத்தனை மதிப்பெண்ணுக்குக் கணக்கு வருகிறது என்று பாருங்கள். கணக்கு அதிகம் வருகிற பாடத்தில் மதிப்பெண் குறையுமோ என்று பயந்து ஓடுகிறவர்கள் உண்டு. உண்மையில் விடை சரியாக இருந்தால் முழு மதிப்பெண் கிடைப்பது அங்கேதான். வேலைக்கான நேர்காணலில் பேச விஷயம் இருப்பதும் அங்கேதான்.

இனி பாடங்களுக்கு வருவோம்.

இந்தக் கரையில் எனக்கு மிகவும் பொருத்தமாகப் படுவது, ஏற்றுமதி இறக்குமதி மேலாண்மையை சப்ளை செயினோடும், பன்னாட்டு நிதி அல்லது நடைமுறை மூலதனத்தோடும் (அன்றாடத் தொழிலைச் சுழலவைக்கும் பணம்) சேர்த்து எடுப்பது. இறாலும் கணவாயும் நண்டும் இங்கிருந்து பதனிடும் நிறுவனங்களுக்குப் போய், தூத்துக்குடி போன்ற துறைமுகங்கள் வழியாக மைனஸ் 18 டிகிரியில் குளிர்பதனக் கன்டெய்னரில் கப்பலேறுகின்றன. அந்தச் சங்கிலியில் மீனைப் பிடிக்க ஆள் இருக்கிறது, அரிந்து சுத்தம் செய்ய ஆள் இருக்கிறது. தாள்களைச் சரியாகப் போடத் தெரிந்தவர்கள்தான் குறைவு.

அந்தத் தாள் வேலை என்ன என்பதற்கு எல்.சி.யை (லெட்டர் ஆஃப் கிரெடிட்) எடுத்துக்கொள்வோம். வெளிநாட்டில் வாங்குபவரின் வங்கி, குறிப்பிட்ட ஆவணங்கள் வந்தால் பணம் தருகிறேன் என்று எழுதித் தருகிற உறுதிதான் எல்.சி. 2007 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள யூ.சி.பி. 600 என்ற பன்னாட்டு விதிகள் இதை ஆள்கின்றன. எல்.சி.யில் வேறு கெடு சொல்லப்படவில்லை என்றால், சரக்கு கப்பலேறிய 21 நாளுக்குள் ஆவணங்களை வங்கியில் சேர்க்க வேண்டும். அதுவும் எல்.சி. காலாவதியாகும் முன். வங்கிக்குச் சரிபார்க்க 5 வங்கி வேலை நாள். இன்வாய்ஸில் சரக்கின் விவரம் எல்.சி.யில் உள்ளதோடு பொருந்த வேண்டும். பணம் நிற்பதெல்லாம் சின்ன இடங்களில்தான். பேக்கிங் பட்டியலில் நிகர எடை ஒன்று, சுகாதாரச் சான்றிதழில் வேறொன்று என்று இருக்கும். கடைசி ஏற்றுமதித் தேதி 10 என்றிருக்க, பில் ஆஃப் லேடிங்கில் (கப்பல் நிறுவனம் தரும் சரக்கு ரசீது) 11 என்று விழுந்திருக்கும். காப்பீடு சி.ஐ.எஃப். மதிப்பில் (சரக்கு விலை, காப்பீடு, கப்பல் கட்டணம் மூன்றும் சேர்ந்தது) 110 சதவீதத்துக்கு எடுத்திருக்க வேண்டும், அதாவது 50 லட்ச ரூபாய்ச் சரக்குக்கு 55 லட்சம். யாரோ 50 லட்சத்துக்கே எடுத்திருப்பார்கள். வங்கி குறை சொல்லித் திருப்பினால் வாங்குபவர் விலையைக் குறைக்கச் சொல்வார். சரக்கு அந்நியத் துறைமுகத்தில் குளிர்பதனக் கன்டெய்னருக்கான மின்கட்டணம் ஏறிக்கொண்டே நிற்கும்போது ஏற்றுமதியாளருக்குப் பேரம் பேச இடமிருக்காது.

இந்த எலெக்டிவை எடுப்பவர்கள் செமஸ்டர் முடிவதற்குள் ஒரு முழு ஆவணத் தொகுப்பைக் கற்பனைச் சரக்குக்காவது தயாரித்துப் பார்க்க வேண்டும்: இன்வாய்ஸ், பேக்கிங் பட்டியல், ஷிப்பிங் பில் (சுங்கத்துறைக்குக் கொடுக்கும் ஏற்றுமதி அறிக்கை), பில் ஆஃப் லேடிங், மூலச் சான்றிதழ் (சரக்கு எந்த நாட்டுடையது என்பதற்கான சான்று), சுகாதாரச் சான்றிதழ். பிறகு அதைப் பக்கத்து மாணவரிடம் கொடுத்து, வங்கி அதிகாரியாக உட்கார்ந்து குறை கண்டுபிடிக்கச் சொல்ல வேண்டும். ஆசிரியர் இதைச் செய்யச் சொல்லாவிட்டாலும் நீங்களே கேட்டு அசைன்மென்டாக வாங்கிக்கொள்ளுங்கள். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருள்கள் மீதான வரியை 50 சதவீதமாக உயர்த்தியபோது இறால் தொழில் ஆடிப்போனது. ஒரே சந்தையை நம்பி இருப்பதன் ஆபத்தைப் படிக்க அதைவிடப் பக்கத்தில் ஓர் எடுத்துக்காட்டு கிடைக்காது.

பன்னாட்டு நிதி இதோடு ஒட்டி வருகிறது. 60 நாள் கழித்து 50,000 டாலர் வர வேண்டியிருக்கிறது. அதற்குள் டாலருக்கு 2 ரூபாய் இறங்கினால் 1 லட்ச ரூபாய் போயிற்று. வங்கியில் ஃபார்வர்டு ஒப்பந்தம் போட்டு, வரப்போகும் டாலருக்கான விலையை இப்போதே பூட்டலாம். ஆனால் வானிலை கெட்டுப் படகு போகாமல் சரக்கே சேரவில்லை என்றால், இல்லாத டாலரை விற்க ஒப்புக்கொண்டவர் ஆகிவிடுவோம். அதை ரத்து செய்ய வங்கி அன்றைய விலை வித்தியாசத்தை வசூலிக்கும். எனவே வரவிருக்கும் தொகையில் எவ்வளவு பங்கைப் பூட்டுவது என்பதுதான் உண்மையான கேள்வி. பாடப்புத்தகக் கணக்கு பெரும்பாலும் முழுத் தொகையும் உறுதி என்று வைத்துக்கொண்டே போகும். வகுப்பில் இதைக் கேளுங்கள்.

நிறையப் பேர் ஆர்வமாக எடுக்கும் டெரிவேட்டிவ்ஸ் (பங்கு போன்ற ஒன்றின் விலையைச் சார்ந்து மதிப்பு மாறும் ஒப்பந்தங்கள்) பற்றியும் சொல்லிவிடுகிறேன். பாடம் நல்ல பாடம். அதை எடுத்தால் ஃபோனில் ஆப்ஷன் வாங்கி விற்றுச் சம்பாதிக்கலாம் என்ற எண்ணத்தோடு எடுப்பதுதான் கெட்டது. பங்குச்சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வுப்படி, 2021-22 முதல் 2023-24 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் பங்குச்சந்தை எஃப் அண்ட் ஓ (ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ்) வணிகம் செய்த தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டப்பட்டிருக்கிறார்கள். கல்விக்கடனில் படிக்கிற பிள்ளைகள் இந்த எண்ணை மனத்தில் இருத்த வேண்டும். தரகு நிறுவனத்தில் வேலைக்குப் போவதாக இருந்தால் பாடத்தோடு என்.ஐ.எஸ்.எம். (தேசியப் பங்குச்சந்தைக் கல்வி நிறுவனம்) சான்றிதழ்த் தேர்வையும் எழுதிவிடுங்கள். வேலை கொடுப்பவர்கள் அதைத்தான் கேட்பார்கள்.

நடைமுறை மூலதனம் கவர்ச்சியில்லாத தலைப்பு. ஆனால் நம் ஊர்த் தொழில்கள் எழுவதும் விழுவதும் இதில்தான். குண்டு மிளகாயை எடுத்துக்கொள்ளுங்கள். 2023இல் புவிசார் குறியீடு பெற்றது நம் ராமநாதபுரம் முண்டு மிளகாய். ஒரு வியாபாரி அறுவடைக் காலத்தில் கிலோ 300 ரூபாய் என்று 10 டன் வாங்கிக் குளிர்கிடங்கில் போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். முதலீடு 30 லட்சம். இருப்பில் 150 நாள், விற்ற பிறகு பணம் வர 45 நாள், விவசாயிக்குப் பணம் கொடுக்கக் கிடைத்த அவகாசம் 15 நாள். ஆகப் பணம் சுற்றிவர 180 நாள். ஆண்டுக்கு 12 சதவீத வட்டி என்றால் சுமார் 1 லட்சத்து 78 ஆயிரம் ரூபாய், கிலோவுக்கு 18 ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. கிடங்கு வாடகையும் எடை குறைவதும் இதற்கு மேல். விலை 320 ஆனதும் லாபம் என்று விற்கிறவர் உண்மையில் கையைக் கடித்துக்கொள்கிறார். இந்த ஒரு கணக்கைத் தெளிவாகப் போடத் தெரிந்த எம்.பி.ஏ. மாணவருக்கு, வங்கியின் சிறுதொழில் கடன் பிரிவு நேர்காணலில் பாதிக் கேள்விகளுக்குப் பதில் தயாராக இருக்கும்.

ஊரக நிதி அல்லது நுண்நிதி எலெக்டிவ் உங்கள் கல்லூரியில் இருந்தால், படகு உரிமையாளர்கள் வியாபாரியிடம் வாங்கும் முன்பணத்தை ஆராயுங்கள். அதற்கு வட்டி என்று தனியாக எதுவும் பேசப்படாது. பிடித்த மீனை அவரிடமே, சந்தையைவிடக் கொஞ்சம் குறைந்த விலைக்குக் கொடுக்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை. 5 லட்சம் முன்பணம், ஆண்டுக்கு 40 லட்சத்துக்கு மீன், விலையில் 4 சதவீதக் கழிவு என்று வைத்தால் ஆண்டுக்கு 1 லட்சத்து 60 ஆயிரம் போகிறது. வட்டியாகப் பார்த்தால் 32 சதவீதம். மறுபக்கம், மீனவர்களுக்கும் விரிவாக்கப்பட்ட கிசான் கிரெடிட் கார்டில் குறிப்பிட்ட வரம்பு வரை 7 சதவீத வட்டி, தவணையில் திருப்பினால் 4 சதவீதம். இவ்வளவு வித்தியாசம் இருந்தும் முன்பணம் ஏன் ஒழியவில்லை? இரவில் இன்ஜின் பழுதானால் வியாபாரி உடனே பணம் தருகிறார், அடமானம் கேட்பதில்லை, மீன் படாத வாரத்தில் தவணையும் கேட்பதில்லை. வட்டி விகிதத்தை மட்டும் ஒப்பிட்டு எழுதும் அறிக்கையில் இந்த மூன்றுக்கும் இடமில்லாததால் அது பாதிதான் சொல்கிறது. இதைச் சேர்த்து எழுதுகிறவர் நல்ல அறிக்கை எழுதுவார்.

சப்ளை செயினிலும் இருப்பு மேலாண்மையிலும் எல்லாரும் இ.ஓ.க்யூ. வாய்பாட்டை (ஒரு முறைக்கு எவ்வளவு ஆர்டர் செய்தால் மொத்தச் செலவு குறையும் என்பது) படிப்பார்கள். அது ஆணிக்கும் சிமென்டுக்கும் பொருந்தும், கெட்டுப்போகும் சரக்குக்குப் பொருந்தாது. அதற்கு, மிஞ்சினாலும் இழப்பு, குறைந்தாலும் இழப்பு என்ற நிலையில் எவ்வளவு வாங்குவது என்று சொல்லும் நியூஸ்வெண்டர் கணக்கு இருக்கிறது. ஓட்டல்களுக்கு இறால் கொடுப்பவர் கிலோ 400க்கு வாங்கி 500க்கு விற்கிறார். மிஞ்சினால் 250க்குத் தள்ள வேண்டும். குறைவாக வாங்கினால் இழப்பு கிலோவுக்கு 100, கூடுதலாக வாங்கினால் இழப்பு 150. 100ஐ இரண்டு இழப்பின் கூட்டுத்தொகையான 250ஆல் வகுத்தால் 0.4. பத்தில் நாலு நாள் தேவை முழுவதும் பூர்த்தியாகும் அளவு வாங்கினால் போதும் என்பது பொருள். தினத் தேவை சராசரி 100 கிலோ, திட்ட விலக்கம் 20 கிலோ, பரவல் இயல்நிலை என்றால் அவர் 95 கிலோதான் வாங்க வேண்டும். அதே விலைகளில் சரக்கு கருவாடாக இருந்து, மிஞ்சியது 380க்குப் போகும் என்றால் விகிதம் 0.83, வாங்க வேண்டியது 119 கிலோ. தேவை ஒன்றே, கெடும் வேகம் வேறு, அதனால் ஆர்டரும் வேறு. ஐஸ் செலவையும் மறக்காதீர்கள். நம் வெயிலில் ஒரு கிலோ மீனுக்கு ஒரு கிலோ ஐஸ் என்பது பொதுவான அளவு. இதை வாங்கும் விலையோடு சேர்க்காமல் போட்ட கணக்கு தப்பும்.

சேவை மார்க்கெட்டிங், சுற்றுலா எலெக்டிவ்களுக்கு ராமேஸ்வரத்தைவிட நல்ல களம் கிடைக்காது. ஆடி, தை, மகாளய அமாவாசைகளில் அறை கிடைக்காது, சாதாரணச் செவ்வாய்க்கிழமையில் பாதி காலியாக இருக்கும். 20 அறை உள்ள லாட்ஜில் சாதாரண நாளில் 8 அறை 1,200 ரூபாய்க்குப் போகிறது. வரவு 9,600. வெளுப்பு, துப்புரவு, மின்சாரம் அறைக்கு 200 என்று கழித்தால் மிச்சம் 8,000. வாடகையை 900 ஆக்கினால் 12 அறை போகும் என்றால் வரவு 10,800, செலவு கழித்து 8,400. லாபம்போலத் தெரியும். ஆனால் அந்தக் கூடுதல் 4 அறையும் ஆன்லைன் முன்பதிவுத் தளம் வழியாக வந்து, தளம் 20 சதவீதம் கமிஷன் எடுத்தால் 720 போய் 7,680தான் நிற்கும். தள்ளுபடி கொடுக்காமலே இருந்திருக்கலாம். விளம்பரம், பிராண்ட் என்றே பேசும் பாடங்களில் இந்தக் கழித்தலைச் செய்யச் சொல்ல மாட்டார்கள். நீங்கள் செய்யுங்கள்.

டிஜிட்டல் மார்க்கெட்டிங் பற்றி ஒரே வார்த்தை. பாடத்திட்டம் அச்சாகும் வேகத்தைவிட அந்தத் துறை மாறும் வேகம் அதிகம். பாடத்தை எடுத்தால் உண்மையான ஒரு கடைக்கு, உண்மையான பணம் சிறிதளவாவது செலவழித்து விளம்பரம் ஓட்டி, ஒரு வாடிக்கையாளரைக் கொண்டுவர எவ்வளவு ஆனது என்று காட்டுங்கள். அது இல்லாமல் முடித்தால் கையில் ஒன்றும் நிற்காது.

மனிதவளம் எடுப்பவர்கள் நோட்ஸின் தேதியைப் பாருங்கள். 2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துவிட்டன. 29 பழைய சட்டங்கள் அவற்றுள் அடங்கிவிட்டன. மொத்த ஊதியத்தில் படிகள் பாதிக்கு மேல் போனால் மிகை ஊதியக் கணக்கில் சேர்க்கப்படும். குறித்த காலத்துக்கு வேலைக்கு எடுக்கப்பட்டவருக்கு ஓராண்டிலேயே பணிக்கொடை உரிமை உண்டு. ஆலையில் ஆட்குறைப்புக்கு அரசு அனுமதி தேவைப்படும் வரம்பு 100 தொழிலாளர்களிலிருந்து 300 ஆகியிருக்கிறது. 1947ஆம் ஆண்டுத் தொழில் தகராறு சட்டத்தை மட்டும் மனப்பாடம் செய்துவிட்டு நேர்காணலுக்குப் போனால் சங்கடம். வரி எலெக்டிவுக்கும் இதே எச்சரிக்கை: 2025ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் அமலாகும்படி இயற்றப்பட்டது. முந்தைய ஆண்டு, மதிப்பீட்டு ஆண்டு என்ற இரட்டைக் கணக்குக்குப் பதிலாக அதில் ‘வரி ஆண்டு’ என்ற ஒன்றே இருக்கிறது.

அனலிட்டிக்ஸ் எடுக்க விரும்புபவர்கள் முதல் செமஸ்டர் புள்ளியியலில் ரிக்ரஷன் (ஒரு மாறி இன்னொன்றைப் பொறுத்து எப்படி மாறுகிறது என்ற கணக்கு) வரை உண்மையில் புரிந்ததா என்று தங்களையே கேட்டுக்கொள்ள வேண்டும். மென்பொருள் பொத்தானை அழுத்தினால் விடை வந்துவிடும், அந்த விடை தப்பு என்று அது சொல்லாது. நம் கரையின் மீன் விலையை வைத்து முன்கணிப்பு செய்யப் போனால் முதல் நாளே இது தெரியும். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடை. பாக் நீரிணைப் பகுதியில் விசைப்படகுகள் வாரத்தில் மூன்று நாளும் நாட்டுப்படகுகள் மற்ற நாள்களிலும் போகிற வழக்கம் வேறு. தடைக்காலத்தில் வருவது நாட்டுப்படகு மீன் மட்டும், வரத்துக் குறைவு, விலை கூடுதல். தடைக்காலத்துக்கும் வாரமுறைக்கும் தனித் தனி டம்மி மாறிகள் (உண்டு என்றால் 1, இல்லை என்றால் 0) வைக்காமல் ஆண்டு முழுவதையும் ஒரே கோட்டில் பொருத்தினால், படகு ஓடும் மாதத்துக்கும் ஓடாத மாதத்துக்கும் பொருந்தாத ஒரு சராசரிதான் கிடைக்கும்.

இந்தத் தடைக்காலம் உங்கள் புராஜெக்டையும் தொடும். நான்காம் செமஸ்டர் ஜனவரி வாக்கில் தொடங்குகிறது. மீன்தொழிலில் களத்தரவு வேண்டுமானால் ஏப்ரல் 14க்குள் முடித்தாக வேண்டும். மார்ச் மாதம் தலைப்பை ஒப்புக்கொள்ள வைத்து ஏப்ரல் கடைசியில் படகுத்துறைக்குப் போனால் படகெல்லாம் கரையில் கிடக்கும். இரண்டாம் செமஸ்டருக்குப் பின் வரும் இன்டர்ன்ஷிப்பும் அதே தடைக்காலத்தில் விழும். அந்த நேரத்தில் கடல்சார் நிறுவனத்துக்குப் போவதாக இருந்தால் கணக்குப் பிரிவையோ ஆவணப் பிரிவையோ கேட்டு வாங்குங்கள். வருமானமில்லாத இரண்டு மாதத்தில் வலை, இன்ஜின், மரவேலை என்று செலவு மட்டும் ஓடுவதை அங்கேதான் தாளில் பார்க்கலாம்.

மீன் வேண்டாம் என்றால் கடற்பாசி இருக்கிறது. மூங்கில் மிதவையில் கப்பாஃபைகஸ் என்ற பாசியைக் கட்டினால் 45 நாளில் அறுவடை. சுமார் 10 கிலோ ஈரப்பாசி காய்ந்து 1 கிலோ ஆகும். பிரதமர் மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் பெண்களுக்கு 60 சதவீதம் வரை மானியம் அறிவிக்கப்பட்டது. திட்ட மேலாண்மை எலெக்டிவ் எடுப்பவர்கள் 45 நாள் சுழற்சியை வைத்து ஆண்டுக்கு எட்டு அறுவடை என்று போட்டுவிடுவார்கள். வடகிழக்குப் பருவக்காற்றில் மிதவை உடையும், வெப்பம் ஏறும் மாதங்களில் பாசி வெளுத்து உதிரும். ஐந்தாறு அறுவடைக்குக் கணக்கிட்டு, அதிலும் ஒன்று முழுதாகப் போனால் கடன் தவணை கட்ட முடிகிறதா என்று பாருங்கள். மண்டபத்தில் மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தின் மையமும், மத்திய உப்பு மற்றும் கடல்சார் வேதிப்பொருள் ஆராய்ச்சி நிறுவனத்தின் நிலையமும் இருக்கின்றன. துறையிலிருந்து கடிதம் வாங்கிக்கொண்டு முறையாக அணுகலாம்.

நீங்கள் கேட்ட பாடம் கல்லூரியில் நடக்கவே நடக்காது என்றால் ஸ்வயம் என்ற மத்திய அரசின் இணையவழிப் பாடத் தளம் வழி உண்டு. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2021 விதிகள் ஒரு செமஸ்டர் பாடங்களில் 40 சதவீதம் வரை ஸ்வயம் மூலம் படித்துக் கிரெடிட் மாற்ற இடம் தருகின்றன. ஆனால் உங்கள் பல்கலைக்கழகம் அதை ஏற்றிருக்க வேண்டும், துறையும் முன்கூட்டியே ஒப்புதல் தர வேண்டும். ஸ்வயத்தில் என்.பி.டெல். என்ற அமைப்பு நடத்தும் 12 வாரப் பாடம் 3 கிரெடிட்டுக்குச் சமமாகக் கொள்ளப்படுகிறது. 8 வாரப் பாடத்தை எடுத்துவிட்டு 3 கிரெடிட் கேட்டால் கிடைக்காது. மதிப்பெண்ணில் 25 வாராந்திர அசைன்மென்டுக்கு, 75 நேரில் எழுதும் தேர்வுக்கு. அசைன்மென்டில் 10, தேர்வில் 30 என்று இரண்டிலும் தனித்தனியாக எட்ட வேண்டும். பாடத்தில் சேருவது இலவசம், தேர்வுக்குத் தனியாகப் பதிவு செய்து கட்டணம் கட்ட வேண்டும். இந்த இரண்டாவது பதிவை மறந்து, பன்னிரண்டு வாரம் படித்தும் சான்றிதழ் இல்லாமல் நிற்கிறவர்கள் ஒவ்வொரு முறையும் இருக்கிறார்கள். தேர்வு மையப் பட்டியலையும் அப்போதே பார்த்து, போய்வரத் தோதான ஊரைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளுங்கள். ஒப்புதல் கடிதத்தின் நகல் ஒன்றை துறையிலும் இன்னொன்றைத் தேர்வுப் பிரிவிலும் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குத் தேதியுடன் கையெழுத்து வாங்கி வையுங்கள்.